ஏழு வினாடி விருந்தாளிகள்

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவேன். கழுவி வைத்ததையே எடுத்து மறுபடியும் கழுவுவேன். போன ஆகஸ்ட் கடைசியில் எங்கள் வீட்டு இட்லித் தட்டில் முகம் பார்க்கலாம், அந்த அளவுக்குத் தேய்த்திருந்தேன். காரணம் ஓர் எண். ஒன்று புள்ளி எட்டு.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். பெயர் அகல்யா. ஊர் கோயமுத்தூர்ப் பக்கம் சூலூர். இப்போது புனேயில், விஷ்ராந்த்வாடியில் வீடு. கராடியில் ஓர் ஐ.டி. கம்பெனியில் டெஸ்டர் வேலை. டெஸ்டர் என்றால் அடுத்தவர் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிப்பவள். அதற்கு மாதாமாதம் சம்பளமும் உண்டு என்று கேள்விப்பட்டதும், இது அகல்யாவுக்கென்றே ஏற்பட்ட உத்தியோகம் என்று என் நாத்தனார் முதற்கொண்டு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

எங்கள் வாடிக்கையாளர் ரத்தப் பரிசோதனை நிலையங்கள் நடத்தும் ஒரு கம்பெனி. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று எது பார்க்க வேண்டுமானாலும் முந்தின நாளே இணையதளத்தில் நேரம் குறித்துக்கொண்டு, காலையில் வெறும் வயிற்றோடு போய் நிற்கலாம். அந்தத் தளம் எல்லா பிரவுசரிலும் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. பிரவுசருக்கு ஒரு ஆள். க்ரோமுக்கு ஒருவர், சஃபாரிக்கு ஒருவர். ஃபயர்ஃபாக்ஸ் என் பங்கு.

அது என் பங்குக்கு வந்த கதையும் இருக்கிறது. நான் காலேஜ் படிக்கும்போது இன்டர்நெட் என்றால் கம்ப்யூட்டரோடு வருகிற பிரவுசரின் அந்த நீல 'e' எழுத்துதான். அதற்கு வெளியே இன்னொரு வழி இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. 2009-இல் வேலைக்குச் சேர்ந்தபோது ஆபீசில் எல்லோர் திரையிலும் ஃபயர்ஃபாக்ஸ் நரி வால் சுருட்டிப் படுத்திருந்தது. நீலம் என்று சொன்னால் சிரிப்பார்கள். க்ரோம் அப்போதுதான் தவழ ஆரம்பித்த பிள்ளை. 2013-இல் எனக்கு சஹானா பிறந்தாள், வேலையை விட்டேன். ஒன்பது வருஷம். திரும்பி வந்து பார்த்தால் நீலத்துக்கு அந்த வருஷமே மூடுவிழா நடந்திருந்தது. தவழ்ந்த பிள்ளை வீடு முழுக்கக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. நரி எங்கேயோ ஒரு மூலையில்.

இன்டர்வியூவில், உங்களுக்கு எந்த பிரவுசர் நன்றாகத் தெரியும் என்று கேட்டார்கள். எனக்கென்ன தெரியும், நான் விட்டுப் போன இடத்திலேயே நின்றுகொண்டு, ஃபயர்ஃபாக்ஸ் என்று சொன்னேன். எதிரே இருந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போச்சு என்று நினைத்தேன். ஆனால் அந்த இடத்துக்குத்தான் யாருமே வரமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார்களாம். யாருக்கும் வேண்டாத நாற்காலியில் எனக்கு இடம் கிடைத்தது. மூன்று வருஷத்தில் அந்த நாற்காலியைப் பற்றி ஒருவரையும் ஒரு குறை சொல்ல விட்டதில்லை.

இப்போது அந்த ஒன்று புள்ளி எட்டுக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் ஒரு விதி. ஏதாவது ஒரு பிரவுசரில் வருகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்குக் கீழே போய், அப்படியே மூன்று மாதம் தொடர்ந்தால், அதற்கு ஆள் போட்டுச் சோதிப்பதை நிறுத்திவிடலாம். ஜூலையில் ஒன்று புள்ளி ஒன்பது. ஆகஸ்டில் ஒன்று புள்ளி எட்டு. செப்டம்பரும் போனால் நானும் போக வேண்டியதுதான். பெஞ்ச் என்று ஒன்று உண்டு. வேலை ஒதுக்காமல் அறுபது நாள் உட்கார்த்தி வைப்பார்கள். அதற்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். நாற்பத்து மூன்று வயது, நடுவில் ஒன்பது வருஷம் பள்ளம். யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

"என்னம்மா, தட்டைத் தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்டை விழுந்துரும்போல" என்றார் என் வீட்டுக்காரர் பாலச்சந்திரன். புனேக்கு வெளியே சாகனில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலையில் சூப்பர்வைசர். அது சம்பளத்துக்கு. மற்ற நேரமெல்லாம் 'விஷ்ராந்த்வாடி தமிழ்க் குடும்பங்கள்' வாட்ஸப் குழுவுக்குச் செயலாளர். பொங்கல் விழா, ரத்த தானம், ஊருக்குப் போகிறவர்களிடம் முருங்கைக்காய் கொடுத்தனுப்பச் சொல்வது, எல்லாம் இவர் பொறுப்பு.

"ஏனுங்க, உங்களுக்கு விளையாட்டாப் போச்சா? அடுத்த மாசமும் ரெண்டுக்குக் கீழ போச்சுன்னா நான் ஊட்டுல உக்கார வேண்டியதுதானுங்க. மறுபடியும். என்னால முடியாதுங்க, சொல்லிப்போட்டேன்."

"ரெண்டுன்னா எத்தனை பேரு?"

"ஒரு நாளைக்கு ஆறாயிரம் பேர் வர்றாங்க. நூத்தியிருபது பேராவது நரியில வரோணும். நூத்தியெட்டுத்தான் வர்றாங்க."

"பன்னெண்டு பேரா? பன்னெண்டே பன்னெண்டு பேருக்கா இந்தப் பாடு? வெசனப்படாத போ" என்றார். நான் கரண்டியைக் கழுவப் போய்விட்டேன். அந்தப் பன்னிரண்டை அவர் எப்படிக் காதில் வாங்கிக்கொண்டார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

செப்டம்பர் இரண்டாம் வாரம் என் டீம் லீட் தேஜஸ்வினி என் மேஜைக்கே வந்துவிட்டாள். நல்ல மராத்திப் பெண், சுற்றி வளைக்க மாட்டாள். "அகல்யா, நீ என்ன மந்திரம் போட்டாய்? மூன்று புள்ளி இரண்டு!" என்றாள். நான் எழுந்தே நின்றுவிட்டேன். உலகத்தில் எங்கேயோ ஏதோ மாறியிருக்கிறது, ஜனங்களுக்குப் புத்தி வந்திருக்கிறது என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன். சாயங்காலம் பேடா வாங்கி வந்து ஆபீசில் எங்கள் ஏழாவது மாடி முழுக்கக் கொடுத்தேன். வீட்டுக்காரர் இரண்டு பேடா தின்றுவிட்டு, "நல்லது நடக்கும்னு சொன்னனல்ல" என்று சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நிர்மல் கூப்பிட்டார். நிர்மல் வாடிக்கையாளர் பக்கத்து மேலாளர். குரலை உயர்த்த மாட்டார்; உயர்த்தினால்கூடத் தேவலை என்று இருக்கும். கூட்டம் இந்தியும் இங்கிலீஷுமாக நடக்கும், நான் நம் பாஷையில் சொல்கிறேன்.

"ஃபயர்ஃபாக்ஸில் வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் அதில் பாதிப்பேர் முதல் பக்கத்தோடு திரும்பிப் போகிறார்கள். ஏழு வினாடி. வருகிறார்கள், பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். க்ரோமில் இப்படி இல்லை. ஆக, அந்தப் பக்கம் ஃபயர்ஃபாக்ஸில் உடைந்திருக்கிறது. அந்தப் பக்கம் வந்த இந்த எட்டு மாதமாக உங்கள் டெஸ்டர் எல்லாம் சரி என்று எழுதியிருக்கிறார். பக்கம் பொய் சொல்கிறதா, டெஸ்டர் பொய் சொல்கிறாரா?"

என் முகத்தில் யாரோ வெந்நீரை ஊற்றின மாதிரி இருந்தது. தேஜஸ்வினி, வெள்ளிக்கிழமைக்குள் கண்டுபிடித்துச் சொல்கிறோம் என்றாள்.

அந்த முதல் பக்கத்தை எழுதியவன் கோகுல்நாத். மயிலாப்பூர்க்காரன், முப்பது வயது, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். மனைவிக்கு ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை சென்னையில் வளைகாப்பு. வெள்ளி சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். இப்போது அந்தப் பக்கத்தை முதலிலிருந்து திரும்ப எழுதச் சொல்லிவிட்டார்கள்.

"என்ன தப்பு பண்ணினேன்னே தெரியலக்கா. தப்பு தெரிஞ்சா திருத்தலாம். தெரியாம எதைத் திருத்தறது?"

"இருடா, நான் கண்டுபிடிக்கறேன். எங்க ஓடிப்போயிரும்?" என்றேன்.

மூன்று நாள். பழைய ஃபோன், புது ஃபோன், மட்டமான ஃபோன், செக்யூரிட்டி அண்ணனின் விரிசல் விட்ட ஃபோன் என்று ஒன்று விடாமல் வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எழுத்தைப் பெரிசாக்கினேன், சிறிசாக்கினேன், நெட் மெதுவாக வருகிற இடம் தேடி லிஃப்டுக்குள் நின்று திறந்தேன். ஓடியது. ஒவ்வொரு தடவையும் ஓடியது. ஓடாமல் இருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டது. ஒன்பது வருஷம் வீட்டில் இருந்தவளுக்குக் கண்ணில் ஏதோ படாமலே போகிறது, மற்றவர்களுக்குப் பட்டிருக்கும், இவர்கள் இத்தனை நாள் என்னைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது. அந்த நினைப்பு மாதிரிக் கொடுமை வேறு இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்தை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்தேன். முதல் பக்கத்தோடு திரும்புகிறவர்கள் யார், எப்போது வருகிறார்கள் என்று பட்டியல் எடுத்தேன். தினமும் எண்பத்தெட்டு பேர், ஒன்றிரண்டு கூடும், குறையும். எல்லோரும் புனே. எல்லோரும் காலை ஏழு மணிக்கும் ஏழே முக்காலுக்கும் நடுவில். எல்லோரும் ஏழு வினாடி. மனுஷர்கள் இப்படி வரமாட்டார்கள். எந்திரம் என்றால் எண்பத்தெட்டு விதமான ஃபோன் எதற்கு? யோசித்து யோசித்துத் தலைவலிதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை காலை பால் வாங்கக் கீழே போனேன். சொசைட்டி கேட் பக்கம் பவுனக்கா நின்றிருந்தாள். பவுனக்காவின் மாமனார் காலத்திலேயே கட்கி வெடிமருந்து ஆலைக்கு வேலைக்கு வந்த குடும்பம். அவள் தமிழில் பாதி இந்தி, கால்வாசி மராத்தி.

"அரே அகல்யா! டென்சன் லேகாத மா. இன்னிக்கும் தொறந்துட்டேன். நம்ம மருமவன் ஃபோன்லயும் போட்டுக் குட்த்துட்டேன், டபுள்!"

"என்னத்தக்கா தொறந்தீங்க?"

"உன் நரிய! ரோஜ் தொறக்கறோமே. குட் மார்னிங் போட்ட உடனே தொறக்கறது, ஒண்ணு, ரெண்டுன்னு ஏழு வரிக்கும் எண்றது, பந்த் பண்றது. உன் வூட்டுக்காரர் அப்படித்தானே எழ்தினாரு? கரெக்டா பண்றமா இல்லியா?"

கையிலிருந்த பால் பாக்கெட்டைக் கீழே போடாமல் இருந்ததே பெரிய காரியம். பவுனக்கா தன் ஃபோனை நீட்டினாள். குழுவில், ரோஜாப்பூவும் காலை வணக்கமும் போட்ட படத்துக்குக் கீழே, என் வீட்டுக்காரர் கைவண்ணம்:

'அன்பு உறவுகளே! நம் குழுவின் சகோதரி அகல்யாவின் வேலை நம் கையில் உள்ளது. அனைவரும் ஃபயர்ஃபாக்ஸ் இறக்கிக்கொண்டு, தினமும் காலை வணக்கம் பார்த்ததும் கீழே உள்ள இணைப்பைத் திறந்து, ஏழு எண்ணும் வரை வைத்திருந்து மூடவும். பணம் காசு எதுவும் கிடையாது. மறந்துவிட வேண்டாம். இங்ஙனம், செயலாளர்.'

அதற்குக் கீழே எண்பத்தெட்டு கட்டைவிரல்.

மாடிக்கு எப்படி ஏறினேன் என்று தெரியாது. அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க! என்ன கெரகத்தப் பண்ணி வெச்சிருக்கறீங்க?"

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. திருட்டு முழி முழிக்காமல், பெருமையாகச் சிரித்தார் மனுஷன். "பன்னெண்டு பேருதான் குறையுதுன்னு நீதான சொன்ன? நான் எண்பத்தெட்டு புடிச்சுக் குடுத்தேன். பாலாஜி நகர்ல இருந்துகூட நாலு பேரு."

"புடிச்சுக் குடுத்தீங்களா? அவங்க வந்து ஏழு வினாடியில ஓடுறதப் பாத்துட்டுப் பக்கமே ஒடைஞ்சு கெடக்குதுங்கறாங்க! நான் ஒழுங்கா டெஸ்ட் பண்ணலைங்கறாங்க! மூணு நாளா நான் பைத்தியமாட்டம் லிஃப்டுக்குள்ள நின்னுட்டிருக்கேன். அந்தக் கோகுல் பொண்டாட்டி வளைகாப்புக்குப் போக முடியாம உக்காந்திருக்கறான்!"

அவர் சிரிப்பு போய்விட்டது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மெதுவாகக் கேட்டார்: "ஏழு எண்ணச் சொன்னதுதான் தப்பாப் போச்சோ? எழுபது வரைக்கும் எண்ணச் சொல்லிரட்டுமா? ரெண்டு பக்கம் உள்ள போயிட்டு வரச் சொல்றேன். அப்பச் சரியாப் போயிருமல்ல?"

நான் வாயைத் திறந்தேன், திட்டு வரவில்லை. ஏனென்றால் சரியாகத்தான் போயிருக்கும். ஒரே ஒரு செய்தி. நாளையிலிருந்து எண்பத்தெட்டு பேரும் இரண்டு பக்கம் போய் வருவார்கள், நிர்மல் சந்தோஷப்படுவார், என் நாற்காலி அப்படியே இருக்கும். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"நீ மறுபடியும் ஊட்டுல உக்காந்து அழுகறத என்னால பாக்க முடியாதும்மா" என்றார் தலையைக் குனிந்தபடி. "அந்த ஒம்பது வருசம் நீ பட்டது எனக்குத் தெரியும். அதான் பண்ணினேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் பாதி, மிச்சம் வேறு. ஃபயர்ஃபாக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாத எண்பத்தெட்டு பேர், தினமும் காலையில் எனக்காக ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்களை என்னவென்று திட்டுவது?

"இன்னைக்கோட நிறுத்தச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். விமான் நகர் சிக்னல் வரைக்கும் மனசு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே வந்தது. எழுபது வரைக்கும் எண்ணச் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை நினைத்தேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நினைத்தேன்தான்.

ஆபீசில் கோகுல்நாத் டிக்கெட்டை ரத்து செய்கிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தான். ராத்திரி தூங்கின முகமாக இல்லை.

"அதை மூடு. சாயங்காலம் ரயிலுக்குப் போ" என்றேன். "உன் பக்கத்துல ஒரு தப்பும் இல்ல."

"கண்டுபிடிச்சிட்டீங்களாக்கா? எங்க இருந்துச்சு?"

"என் ஊட்டுல" என்றேன்.

தேஜஸ்வினியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் கதவைச் சாத்தினாள்.

"நான் சொல்வதைக் கேள். உன் வீட்டுக்காரர் நிறுத்திவிட்டார் அல்லவா? திங்கட்கிழமையிலிருந்து அந்த ஏழு வினாடிக்காரர்கள் வரமாட்டார்கள். பக்கத்தில் சின்னக் கோளாறு இருந்தது, சரிசெய்துவிட்டோம் என்று நான் எழுதிவிடுகிறேன். இதுவரை வந்ததை வைத்தே செப்டம்பர் இரண்டைத் தாண்டிவிடும். மூன்று மாதக் கெடு முதலிலிருந்து ஆரம்பமாகும். உனக்குக் குறைந்தது டிசம்பர் வரை நேரம் கிடைக்கும். அதற்குள் நான் வேறு இடம் பார்க்கிறேன்."

அவளுக்கு என் மேல் பிரியம். இல்லாவிட்டால் இப்படிச் சொல்ல மாட்டாள்.

"கோளாறு யாருடையது என்று எழுதுவாய்?"

பக்கம் கோகுல்நாத்துடையது, கோளாறு என்று எழுதினால் அது அவன் பெயரில்தான் ஏறும். இல்லாத கோளாறு. நான் மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பதெல்லாம் இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் எழுதுகிற வேலைதான். அதை விட்டால் எனக்கு அங்கே என்ன வேலை?

பதினொரு மணிக் கூட்டத்தில் நானே பேசினேன். காலை வணக்கம், ரோஜாப்பூ, ஏழு வரை எண்ணியது, பாலாஜி நகர் நாலு பேர், ஒன்றையும் விடவில்லை. எனக்கு மறைத்துப் பேச வராது, அது ஒரு சௌகரியம்.



"எண்பத்தெட்டு பேரா?" என்றார் நிர்மல்.

"ஆமாம் சார்."

"என் வேலைக்கு ஆபத்து என்றால் என் பில்டிங்கில் நாலு பேர்கூட வரமாட்டார்கள்" என்றார். அது வேடிக்கையாகச் சொன்னது போலவும் இல்லை. பிறகு வழக்கமான குரலில், "அவர்களைக் கழித்துவிட்டால் எவ்வளவு?" என்று கேட்டார்.

பட்டியல் என் கையில்தான் இருந்தது. "ஒன்று புள்ளி ஏழு."

"விதி?"

"இரண்டு."

அவ்வளவுதான். மாதக் கடைசி மட்டும் பார்த்துவிட்டு, அக்டோபர் முதல் தேதியிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் சோதனையை நிறுத்துவது, எனக்கு பெஞ்ச் என்று முடிவானது. பக்கத்தில் குறை இல்லை, திரும்ப எழுத வேண்டாம் என்று அறிக்கையில் போட்டார்கள். கோகுல்நாத் சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தான். "போடா, ரயில் போயிரும்" என்று விரட்டினேன். அவன் போன பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நல்லது செய்தால் மனசு லேசாக இருக்கும் என்று சொல்கிறார்களே, எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. வேலை போகிறதே என்றுதான் இருந்தது.

செப்டம்பர் முப்பதாம் தேதி எனக்கு ஒரு கடைசி வேலை கொடுத்தார்கள். இனிமேல் ஃபயர்ஃபாக்ஸில் வருகிறவர்களுக்குப் பக்கத்தின் மேலே ஓர் அறிவிப்புப் பட்டை தெரியும். அது சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் பார்க்க வேண்டியது என்பதால் அதுவும் என் பங்குதான். என் கருமாதிப் பத்திரிகையை என்னையே பிழை திருத்தச் சொல்கிறார்கள் என்று கோகுல்நாத்திடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

திறந்தேன். மஞ்சள் பட்டை வந்தது. இங்கிலீஷிலும் இந்தியிலும் மராத்தியிலும் எழுதியிருந்தது: 'மன்னிக்கவும். இந்தத் தளம் உங்கள் பிரவுசரில் இயங்காது.'

நிறம் சரி. எழுத்து சரி. மூடுகிற பொத்தான் வேலை செய்தது. ஃபோனில் சரி, கம்ப்யூட்டரில் சரி. தேறியது என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் எனக்குச் சுருக்கென்று ஏறியது. என்ன, இயங்காதா? பட்டையை மூடிவிட்டு என் பட்டியலை எடுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள். காலையிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்தேன், மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நேரம் குறித்தேன், மாற்றினேன், ரத்து செய்தேன், முடிவு அறிக்கையை இறக்கினேன். மூன்றரை மணிக்கு முடிந்தது. பிறகு எழுதினேன்:

'அறிவிப்புப் பட்டை, தேறவில்லை. எதிர்பார்த்தது: தளம் இயங்காது. நடந்தது: தளம் இயங்குகிறது. 212-இல் 212. அறிவிப்பில் உள்ள செய்தி தவறானது.'

பத்தாவது நிமிஷம் நிர்மல் கூப்பிட்டார். "அகல்யா, இது ஒரு குறையா?"

"ஆமாம் சார். ஓடுகிறதை ஓடாது என்று எழுதியிருக்கிறது. தினமும் நூறு பேர் அதைப் படித்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு நேரம் குறிக்காமல் போய்விடுவார்கள். அவர்கள் ஒன்று புள்ளி ஏழுதான், ஆனால் ஆட்கள். எங்கள் வாட்ஸப் குழு இல்லை, நிஜமாகவே ரத்தம் கொடுக்க வருகிறவர்கள்."

"எங்களிடம் உங்கள் வேலை இன்றோடு முடிகிறது. இதற்காகச் சண்டை போடுகிறீர்களா?"

"இன்று ஆறு மணி வரைக்கும் என் வேலைதானே சார்?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. சரி, மாற்றச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

ஐந்தே முக்காலுக்குப் புதுப் பட்டை வந்தது. தேஜஸ்வினி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள், கோகுல்நாத்தும் வந்தான். திறந்தேன். அதே மஞ்சள். மூன்று பாஷையிலும் இப்படி இருந்தது:

'இந்தப் பிரவுசரில் இந்தத் தளத்தை நாங்கள் இனிமேல் சோதித்துப் பார்ப்பதில்லை.'

இரண்டு தடவை படித்தேன். தேஜஸ்வினி என் தோளில் கை வைத்தாள். நாங்கள் என்று போட்டிருந்தது. மூன்று வருஷமாக அதில் என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது. எழுத்துப் பிழை இல்லை. மூடுகிற பொத்தான் வேலை செய்தது. இந்தத் தடவை பொய்யும் இல்லை.

தேறியது என்று போட்டேன்.